அத்தியாயம் 7: பேட்டைத் தாப்பாஸ் கடையில் உண்ணும் முறை

ஸ்பெயின் நாட்டில் மதுவுடனோ பிற பானத்துடனோ சிறு தட்டில் பரிமாறப்படும் உணவு வகைகளுக்குத் தாப்பாஸ் என்பது பொதுப்பெயர். ஒருமையில் 'தாப்பா' எனப்படும் இச்சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் மூடி என்று பொருள். மூடுதலைக் குறிக்கும் 'தாப்பார்' என்னும் வினையோடு தொடர்புடையது. ஈ விழாமல் இருக்க மதுக்கோப்பையின் வாயை ஒரு ரொட்டித் துண்டாலோ பன்றித்தொடை இறைச்சியின் ஒரு கீற்றாலோ மூடிக் கொடுத்ததிலிருந்து இவ்வழக்கம் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பத்தாம் அல்ஃபோன்சோ, பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ ஆகிய மன்னர்களோடு இணைத்துச் சொல்லப்படும் கதைகளும் உண்டு. இவையெல்லாம் சான்றற்ற செவிவழிச் செய்திகளே எனினும், பானத்துக்குத் துணையாக வந்த ஒரு கவளமே பின்னர் தனி உணவு முறையாக வளர்ந்தது என்ற உண்மையை அவை சுட்டுகின்றன.

இவ்வத்தியாயம், ஸ்பானியர் 'பார்ரியோ' என்று சொல்லும் பேட்டைகளில், அக்கம்பக்கத்தார் நாள்தோறும் வந்து போகும் சிறிய தாப்பாஸ் கடைகளைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நாட்டின் தென்பகுதியான அந்தலூசியாவிலிருந்து, அதிலும் அதன் தலைநகரான செவியாவிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன; பிற ஊர்களின் வழக்கம் மாறுபடும் இடங்களில் அது தனியே குறிக்கப்படுகிறது. இத்தகைய கடையில் நன்றாக உண்பதற்கு உணவின் பெயர்களை அறிவது மட்டும் போதாது. எப்போது போவது, எங்கே நிற்பது, எவ்வளவு கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பவற்றை அறிந்திருப்பதும் தேவை. சிறிது சிறிதாக, பல முறை கேட்பதே இக்கடையின் இலக்கணம். கீழே வரும் குறிப்புகள் அனைத்தும் இந்த ஒரு விதியின் விரிவுகள் என்றே கொள்ளலாம்.

நேரம்

தமிழகத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்வோர் முதலில் இடறுவது நேரத்தில்தான். ஸ்பெயினில் மதிய உணவு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 4 மணி வரை நீள்வதும், இரவு உணவு 9 மணிக்குப் பின் தொடங்குவதும் இயல்பு. மதிய உணவுக்கு முன், ஏறத்தாழ 12:30 மணி முதல் 2 மணி வரை, ஒரு கோப்பை பானமும் ஒரு சிறு தட்டும் கொள்ளும் இடைவேளை 'அப்பெரித்தீவோ' எனப்படும். மாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் கடை திறந்திருந்தாலும் அடுப்பு அணைந்திருக்கும் என்பதால், அந்நேரத்தில் செல்வோருக்கு ஆலிவ்காய், பாலாடைக்கட்டி, ஊறவைத்த மீன் போன்ற குளிர்ந்த பண்டங்களே கிடைக்கும். மாலை 6 மணிக்கே முழு இரவு உணவு பரிமாறும் கடை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் கடையாக இருக்கும்.

இவ்வளவு தாமதமாக உண்பதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருந்தும், ஸ்பெயின் 1940-ஆம் ஆண்டு முதல் மத்திய ஐரோப்பிய நேரத்தையே பின்பற்றுகிறது. ஆகவே சூன் மாத இறுதியில் செவியாவில் சூரியன் மறையும்போது கடிகாரம் இரவு 9:45 மணியைத் தாண்டியிருக்கும். வெயில் தணிந்த பின்னரே தெரு உயிர்பெறும் ஊரில், இரவு 9 மணிக்கு உண்ணத் தொடங்குவது உடலுக்கு மாலை உணவு போன்றதே. பேட்டைக் கடைகள் பல ஞாயிறு இரவிலும் திங்கட்கிழமையிலும் மூடியிருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் குடும்பத்தோடு விடுமுறை செல்லும் உரிமையாளர்கள் கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டு வாரக்கணக்கில் மூடுவதும் உண்டு. எனவே புறப்படுமுன் கடை திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது நன்று.

இடம்: மேடை, மேசை, வெளிமுற்றம்

ஒரு தாப்பாஸ் கடை மூன்று பகுதிகளால் ஆனது. முதலாவது 'பார்ரா' எனப்படும் நீண்ட மேடை. இதன் ஒரு புறம் பரிமாறுபவர்களும் மறுபுறம் உண்பவர்களும் நிற்பார்கள். இரண்டாவது உள்ளே போடப்பட்டிருக்கும் மேசைகள். மூன்றாவது, நடைபாதையிலோ சதுக்கத்திலோ நாற்காலிகள் இட்ட 'தெர்ராசா' எனப்படும் வெளிமுற்றம். கடைக்குள் புகைபிடிப்பது 2011 சனவரி 2 முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளதால், புகைபிடிப்போர் வெளிமுற்றத்தை நாடுவதுண்டு. புகை ஒவ்வாதவர்கள் உள்ளே இடம் தேடுவது நன்று.

இம்மூன்றுக்கும் விலையும் அளவும் மாறலாம். சில கடைகளில் வெளிமுற்றத்துக்குத் தனிக் கட்டணம் சேர்க்கப்படும். வேறு சில கடைகளில் சிறு அளவான தாப்பா மேடையில் நிற்போருக்கு மட்டுமே தரப்படும், மேசையில் அமர்வோர் பெரிய தட்டுகளையே கேட்க வேண்டும். மேடைக்கு முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவர் நிற்பார். முதியோர், குழந்தைகள், நெடுநேரம் நிற்க இயலாதோர் உள்ள குழுவினர் மேசைக்கு முன்பதிவு செய்துகொள்வதும், ஒருவரோ இருவரோ செல்வோர் மேடையையே தேர்வதும் பொருத்தம். மேடையில் நிற்பதன் பெரும் பயன், அருகில் நிற்போரின் தட்டுகளையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் பண்டங்களையும் நேரில் பார்த்துக் கேட்க முடிவதாகும். பெயர் தெரியாத பண்டத்தை விரலால் சுட்டிக் கேட்பதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை.

நல்ல பேட்டைக் கடையை அறிய எளிய அடையாளங்கள் சில உண்டு. உணவின் நிழற்படங்களை ஐந்தாறு மொழிகளில் அச்சிட்டு வாசலில் வைத்திருக்கும் கடையைக் காட்டிலும், அன்றைய பண்டங்களைச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதிவைத்திருக்கும் கடை நம்பத்தக்கது, ஏனெனில் நாளுக்கு நாள் அழித்து எழுதப்படும் பலகை சந்தைக்கு வந்த பொருளைப் பின்பற்றுகிறது. வெவ்வேறு வயதினர் கலந்து நிற்பதும், பரிமாறுபவர் சிலரைப் பெயர் சொல்லி வரவேற்பதும், பண்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் நல்ல அறிகுறிகள். செவியாவின் எல் ரின்கோன்சீயோ என்னும் கடை 1670-ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. அங்கு இன்றும் பரிமாறுபவர்கள் வாடிக்கையாளரின் கணக்கை அவர் முன்னுள்ள மர மேடையின்மீதே சுண்ணக்கட்டியால் எழுதிக் கூட்டுகிறார்கள்.

அளவுகள்

ஒரே பண்டம் மூன்று அளவுகளில் விற்கப்படுவது இக்கடைகளின் தனித்தன்மை. ஒருவர் சில வாய்களில் உண்டு முடிக்கும் சிறு தட்டு 'தாப்பா'. இருவர் பகிரத்தக்க நடுத்தர அளவு 'மெதியா ராசியோன்', அதாவது அரைப் பங்கு. மூவர் அல்லது நால்வருக்கான பெரிய தட்டு 'ராசியோன்', அதாவது முழுப் பங்கு. இவற்றோடு, சிறு ரொட்டியினுள் உணவு வைத்துத் தரும் 'மொந்தாதீத்தோ', வாட்டிய ரொட்டித் துண்டின்மேல் உணவு பரப்பிய 'தோஸ்தா' ஆகியவையும் உண்டு. பட்டியலில் ஒரு பண்டத்துக்கு எதிரே இரண்டு அல்லது மூன்று விலைகள் தரப்பட்டிருந்தால் அவை இந்த அளவுகளையே குறிக்கும். அளவைச் சொல்லாமல் பண்டத்தின் பெயரை மட்டும் சொன்னால், மேசையில் அமர்ந்திருப்போருக்கு முழுப் பங்கு வந்துவிடும் வாய்ப்புண்டு. வேண்டியது சிறு தட்டானால் 'உனா தாப்பா தெ' என்று தொடங்கிப் பண்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்தலூசியாவின் கிழக்கிலுள்ள கிரனாதா, அல்மெரியா, ஹாயென் ஆகிய ஊர்களில் வழக்கம் வேறு. அங்கே பானம் ஒன்றை வாங்கினால் ஒரு தாப்பா விலையின்றி உடன் வரும். அடுத்த பானத்துக்கு அடுத்த தாப்பா வரும். கிரனாதாவின் பல கடைகளில் எந்தத் தாப்பா வரும் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார் என்பதால், இறைச்சியோ மீனோ உண்ணாதவர் முதல் பானத்தைக் கேட்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். வடக்கே பாஸ்கு நாட்டில், குறிப்பாக சான் செபஸ்தியான் நகரில், இவ்வகைச் சிற்றுணவு 'பின்ச்சோ' எனப்படும். ரொட்டித் துண்டின்மீது அடுக்கிப் பற்குச்சியால் குத்தப்பட்டு மேடையில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். சில கடைகளில் தட்டில் எஞ்சும் குச்சிகளை எண்ணியே பில் போடுவார்கள். வாடிக்கையாளரின் நேர்மையை நம்பி நடக்கும் முறை அது.

கேட்கும் வரிசை

உள்ளே நுழைந்ததும் 'புவேனாஸ்' என்று பொதுவாக வணங்கிச் சொல்வது மரியாதை. பரிமாறுபவரின் கண்ணைச் சந்தித்துவிட்டால் அவர் வரிசையை நினைவில் வைத்துக்கொள்வார். கைதட்டி அழைப்பதும் விரலைச் சொடுக்குவதும் முறையல்ல. முதலில் பானம் மட்டும் கேட்கப்படும். பானம் வரும் இடைவெளியில் கரும்பலகையையும் கண்ணாடிப் பெட்டியையும் பார்த்து, பானத்தை வைக்க வரும்போது முதல் இரண்டு தட்டுகளைக் கேட்பது நடைமுறை.

ஒரே நேரத்தில் எட்டுப் பத்துப் பண்டங்களைக் கேட்பதே புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. சமையற்கட்டு சிறியது, ஆன தட்டு ஆனவுடன் வெளியே வரும், பொரித்தது ஆறிப்போகும், குளிர்ந்தது வெதுவெதுப்பாகும், சிறு மேடையில் தட்டு வைக்க இடம் இருக்காது. இருவர் சென்றால் முதல் சுற்றுக்கு இரண்டு தட்டுகள் போதும். அவை பாதி காலியாகும்போது அடுத்த இரண்டைக் கேட்கலாம். லேசான உணவுக்கு ஒருவருக்கு இரண்டு தாப்பா, வயிறு நிறைய மூன்று அல்லது நான்கு என்று பொதுவாகக் கணக்கிடலாம். குளிர்ந்த பண்டங்களில் தொடங்கி, பொரித்தவற்றுக்குச் சென்று, குழம்பாக வெந்தவற்றில் முடிப்பது நாக்குக்கும் வயிற்றுக்கும் ஏற்ற வரிசை. குளிர்ந்தவை உடனே வரும், பொரித்தவை சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால் இந்த வரிசை சமையற்கட்டின் வேகத்தோடும் பொருந்துகிறது.

பட்டியலில் இல்லாத பண்டங்களைப் பரிமாறுபவர் வாயால் சொல்வதுண்டு. இவை 'ஃபுவேரா தெ கார்தா' எனப்படும், பெரும்பாலும் அன்று சந்தையில் வாங்கியவை. இவற்றுக்கும், விலைக்குப் பதிலாகச் 'சந்தை நிலவரப்படி' என்று குறிக்கப்பட்டிருக்கும் இறால், சிப்பி வகைகளுக்கும் கேட்குமுன் விலையை உறுதிசெய்துகொள்வது அறிவுடைமை. கடல் உணவு சில வேளைகளில் தட்டுக்கணக்கில் அல்லாமல் எடைக்கணக்கில் விற்கப்படுவதால், பட்டியலிலுள்ள விலை நூறு கிராமுக்கா முழுத் தட்டுக்கா என்று கேட்டறிவதும் தேவை.

பண்டங்கள்

குளிர்ந்த பண்டங்களில் முதலிடம் ஆலிவ்காய்க்கு உரியது. உலகில் மிகுதியாக ஆலிவ் எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு ஸ்பெயின். அதிலும் ஹாயென் மாவட்டமே அதன் மையம். ஆலிவ்காயைக் குறிக்கும் 'அசெய்தூனா', எண்ணெயைக் குறிக்கும் 'அசெய்தே' ஆகிய இரு சொற்களும் அரபியிலிருந்து வந்தவை. பல நூற்றாண்டுகள் நீடித்த இசுலாமிய ஆட்சி இந்நிலத்தின் வயலிலும் அடுப்பிலும் விட்டுச்சென்ற தடம் அது. 'சல்மோரெஹோ' என்பது கோர்தோபா நகருக்குரிய குளிர்ந்த கூழ்; தக்காளி, ஊறிய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை மசிய அரைத்து, மேலே வேகவைத்த முட்டையும் பன்றித்தொடைத் துணுக்குகளும் தூவித் தரப்படும். 'என்சலாதீயா' என்பது உருளைக்கிழங்கை மயோனைஸில் பிசைந்த கலவை. இதில் சூரை மீன் சேர்வது வழக்கம். 'போகெரோனெஸ் என் வினாக்ரே' என்பது பச்சை நெத்திலியை வினிகரில் ஊறவைத்து எண்ணெயும் பூண்டும் சேர்த்தது. அனிசாக்கிஸ் என்னும் ஒட்டுண்ணிப் புழு உடலில் சேராமலிருக்க, இவ்வாறு சமைக்காமல் தரும் மீனை முன்கூட்டியே உறைய வைத்திருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் அரசாணை கட்டாயமாக்கியுள்ளது.

'ஹமோன்' என்பது உப்பிட்டுப் பல மாதங்கள் உலர்த்திய பன்றித் தொடை. நீண்ட கத்தியால் காகிதம் போல் மெலிதாகக் கையால் சீவித் தரப்படும். இபேரிய இனப் பன்றியின் தொடைக்கு 2014-ஆம் ஆண்டின் விதிப்படி நான்கு நிற முத்திரைகள் உண்டு: தூய இபேரிய இனத்தைச் சேர்ந்து, இறுதிப் பருவத்தில் கருவாலிக் காட்டில் கொட்டை தின்று வளர்ந்ததற்குக் கறுப்பு, அவ்வாறே கொட்டை தின்ற கலப்பினத்துக்குச் சிவப்பு, வெளி மேய்ச்சலோடு தீவனமும் உண்டதற்குப் பச்சை, பண்ணைத் தீவனத்தில் வளர்ந்ததற்கு வெள்ளை. விலை இந்த வரிசையில் மேலிருந்து கீழிறங்கும். பாலாடைக்கட்டிகளில் பரவலாகக் கிடைப்பது லா மான்ச்சா பகுதியின் ஆட்டுப்பால் கட்டியான 'மன்சேகோ'. இது செம்மறியாட்டுப் பாலில் செய்யப்படுவது.

பொரித்தவற்றில் அந்தலூசியாவின் கைவண்ணம் தெளிவாகத் தெரியும். காதிஸ் கரையோரத்துக்குரிய 'தோர்தியீத்தா தெ கமரோனெஸ்', பொடி இறாலைக் கடலைமாவும் கோதுமைமாவும் கலந்த கரைசலில் இட்டு மெல்லிய வட்டமாகப் பொரிப்பது. கடலைமாவின் மணத்தைத் தமிழ் நாக்கு உடனே அடையாளம் காணும். 'கசோன் என் அதோபோ' என்பது சிறு சுறா மீனின் துண்டுகளை வினிகர், சீரகம், பூண்டு, ஒரிகனோ இலை ஆகியவற்றில் ஊறவைத்துப் பொரித்தது. 'குரோகேத்தா' என்பது, வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் விட்டுக் கெட்டியாகக் கிளறிய கூழில் ஏதேனும் ஒரு சுவைப்பொருளைச் சேர்த்து, ஆறியபின் உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. அந்தச் சுவைப்பொருள் பெரும்பாலும் பன்றித்தொடையாகவே இருக்கும்.

'பெரென்ஹேனாஸ் கோன் மியெல்' என்பது பொரித்த கத்தரிக்காய்மீது கரும்புப் பாகை ஊற்றித் தருவது. பெயரில் தேன் என்று இருந்தாலும் ஊற்றப்படுவது கரும்புச்சாற்றைக் காய்ச்சிய பாகே. மாலகா மாவட்டத்தின் ஃப்ரிஹிலியானா என்னும் ஊரில் அது இன்றும் காய்ச்சப்படுகிறது. கத்தரிக்காயின் ஸ்பானியப் பெயரான 'பெரென்ஹேனா' அரபி, பாரசீகம் வழியாக வந்தது; அதன் மூலத்தை, தமிழில் வழுதுணை என வழங்கும் திராவிடச் சொல்லோடு மொழியறிஞர் பலர் இணைக்கின்றனர்.

வெந்த பண்டங்களில் செவியாவுக்கே உரியது 'எஸ்பினாகாஸ் கோன் கார்பான்சோஸ்': பசலைக்கீரையையும் கொண்டைக்கடலையையும் பூண்டு, சீரகம், செம்மிளகாய்ப்பொடி, பொரித்து அரைத்த ரொட்டி ஆகியவற்றோடு எண்ணெய் மிதக்க வேகவைப்பது. 'தோர்தீயா' என்பது உருளைக்கிழங்கையும் முட்டையையும் சேர்த்துத் தடிமனாகச் சுடும் அடை. அதில் வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பது ஸ்பானியரிடையே ஓயாத வழக்கு. 'பத்தாத்தாஸ் ப்ராவாஸ்' என்பது பொரித்த உருளைக்கிழங்கின்மேல் கார மசியல் ஊற்றியது. அதன் காரம் தமிழருக்கு மிதமானதாகவே தோன்றும். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதால், இம்மூன்றும் இன்றித் தாப்பாஸ் கடையின் பட்டியலும் தமிழ்ச் சமையலும் ஒருங்கே மெலிந்துபோகும்.

ஊன் தவிர்ப்போர் கவனிக்க வேண்டியவை

மரக்கறி உண்போருக்கு இக்கடைகளில் போதிய உணவு உண்டு. ஆனால் பெயரை மட்டும் நம்பிக் கேட்பது ஆபத்தானது. 'கார்னே' என்னும் இறைச்சிக்கான ஸ்பானியச் சொல் பேச்சுவழக்கில் சமைத்த இறைச்சித் துண்டையே பெரும்பாலும் நினைவூட்டுவதால், இறைச்சி வேண்டாம் என்று சொன்னவரின் தட்டிலும் பன்றித்தொடைத் துணுக்குகள் வந்துவிடுவதுண்டு. மீன் சேர்ந்த உணவை மரக்கறி என்று சிலர் கருதுவதும் உண்டு. ஆகவே, 'நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ' என்று, அதாவது இறைச்சியும் பன்றித்தொடையும் மீனும் உண்பதில்லை என்று, மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சல்மோரெஹோவை மேல்தூவல் இன்றிக் கேட்கலாம்; குரோகேத்தாவில் கீரை அல்லது பாலாடைக்கட்டி சேர்ந்த வகை உண்டா என்று விசாரிக்கலாம். கொண்டைக்கடலைக் கீரை, கத்தரிக்காய், தோர்தீயா, பொரித்த பச்சை மிளகாயான 'பிமியெந்தோஸ் தெ பத்ரோன்', தக்காளி தேய்த்த ரொட்டி ஆகியவை பெரும்பாலும் பாதுகாப்பானவை. எனினும் பொரிக்கும் எண்ணெய் மீனுக்கும் காய்க்கும் பொதுவாக இருக்கக்கூடும் என்பதைக் கடும் நோன்பினர் நினைவிற்கொள்ள வேண்டும்.

பாலாடைக்கட்டி பலவும் ஆட்டுக்குட்டியின் அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளால் தோய்க்கப்படுபவை. அதைத் தவிர்க்க விரும்புவோர், காட்டு முட்செடி ஒன்றின் பூவால் தோய்க்கப்படும் எஸ்த்ரெமதூராவின் 'தோர்தா தெல் காசார்' போன்ற வகைகளைக் கேட்கலாம். பன்றியைத் தவிர்க்கும் இசுலாமியர், குழம்புகளில் பன்றிக்கொழுப்போ மதுவோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது தேவை. பன்றிக்குச் 'செர்தோ' என்றும், மாட்டிறைச்சிக்குத் 'தெர்னேரா' என்றும் பெயர். ஒவ்வாமை உள்ளோருக்குச் சட்டம் துணைநிற்கிறது: கோதுமைப் பசை, பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள், நிலக்கடலை, எள் உள்ளிட்ட பதினான்கு ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குமுறைப்படி 2014 டிசம்பர் முதல் உணவகங்கள் தர வேண்டும்.

பானம்

'கான்யா' என்பது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு கோப்பைப் பியர். சூடாவதற்குள் குடித்து முடிக்கவே கோப்பை சிறியதாக வைக்கப்பட்டுள்ளது. அந்தலூசியாவின் சிறப்பு, ஹெரெஸ் நகரைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்களின் செறிவூட்டிய வெள்ளை மதுவான 'ஃபினோ'வும், சான்லூகார் தெ பர்ராமேதா ஊரில் முதிரும் அதன் உறவான 'மன்சானியா'வும் ஆகும். ஏறத்தாழ 15 விழுக்காடு மதுச்சத்து உள்ளதால் இவற்றைச் சிறு கோப்பையில் குளிரக் குளிர, பொரித்த மீனோடு அருந்துவர். சிவப்பு மதுவில் இனிப்புச் சோடா கலந்த 'தின்தோ தெ வெரானோ' கோடைப் பானம்.

மது அருந்தாதவர் இக்கடைகளில் தயங்கத் தேவையில்லை. புளிக்காத திராட்சைச்சாறான 'மோஸ்தோ', மதுச்சத்து நீக்கிய பியர், சோடா வகைகள் எங்கும் உண்டு. அவற்றைக் கேட்பவரைக் கடைக்காரர் வேறாக நடத்துவதில்லை. கழிவுக் குறைப்புக்கான 2022-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டப்படி, உணவகங்கள் குழாய்நீரை விலையின்றித் தர வேண்டும். 'அகுவா தெல் கிரிஃபோ' என்று கேட்டால் அது கிடைக்கும். வெறும் 'அகுவா' என்று கேட்டால் விலைக்குரிய புட்டிநீர் வரலாம்.

பகிர்தலும் எச்சிலும்

தாப்பாஸ் தட்டு நடுவில் வைக்கப்பட்டு, உடன் நிற்போர் அனைவரும் தத்தம் முள்கரண்டியால் அதிலிருந்தே நேராக எடுத்து உண்பது அந்நாட்டு வழக்கம். எச்சில் பார்க்கும் தமிழ்க் குடும்பத்தினருக்கு இது உறுத்தலாம். அதற்கு எளிய தீர்வு உண்டு: 'பிளாத்தோஸ் பாரா கொம்பார்த்தீர்' என்று, பகிர்ந்துகொள்ளத் தனித்தட்டுகள் கேட்டால் மறுப்பின்றித் தருவார்கள், உண்ணத் தொடங்குமுன் ஒரு சுத்தமான கரண்டியால் பங்கிட்டுக்கொள்ளலாம். ஸ்பானிய நண்பரோடு செல்பவர் இதை முன்கூட்டியே இயல்பாகச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் எழாது. ஆலிவ்காய், ஓட்டோடு வரும் இறால், ரொட்டிமேல் வைத்த பண்டங்கள் ஆகியவற்றைக் கையால் எடுத்து உண்பது முறையானதே.

பில்லும் விடைபெறுதலும்

கேட்காமல் பில் வராது. உண்டு முடித்தவரின் முன்னே பில்லை வைப்பது எழுந்து போகச் சொல்வதற்கு ஒப்பாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். உணவுக்குப் பின் மேசையிலேயே அமர்ந்து பேசியிருப்பதற்குச் 'சோப்ரெமேசா' என்று தனிச்சொல்லே அம்மொழியில் உண்டு. எனவே காத்திருந்து சலிப்பதற்குப் பதிலாக, 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்று கேட்க வேண்டும். மேடையில் ஒவ்வொரு சுற்றுக்கும் பணம் தரத் தேவையில்லை. பரிமாறுபவர் கணக்கு வைத்திருந்து இறுதியில் மொத்தமாகச் சொல்வார்.

விலைகளில் 10 விழுக்காடு விற்பனை வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கேட்காமலே வைக்கப்படும் ரொட்டிக்கும் 'பீக்கோஸ்' என்னும் சிறு ரொட்டிக்குச்சிகளுக்கும் சிறு கட்டணம் சேரலாம். வேண்டாதவர் தொடக்கத்திலேயே திருப்பித் தரலாம். அன்பளிப்புப் பணம் கட்டாயமில்லை. சேவை நிறைவாக இருந்தால் சில்லறையை விட்டுச்செல்வது போதும். ஆளுக்கு ஆள் தனித்தனிப் பில் கேட்பது நெரிசலான கடையில் வேலையைத் தடுக்கும் என்பதால், ஒரு கடையில் ஒருவரும் அடுத்த கடையில் மற்றொருவரும் கொடுப்பது அங்குள்ளோர் முறை.

அந்த முறைக்குள்ளேயே தாப்பாஸ் உண்பதன் முழு வடிவம் அடங்கியிருக்கிறது. ஒரே கடையில் அமர்ந்து வயிற்றை நிரப்புவதைவிட, ஒரு கடையில் அதன் பெயர்பெற்ற ஒரு தட்டையும் ஒரு பானத்தையும் முடித்துக்கொண்டு, சில அடிகள் நடந்து, அடுத்த கடையில் அதன் சிறப்பைச் சுவைப்பதே 'தாப்பேயோ' எனப்படும் மாலை உலா. மூன்று கடைகளும் கடைக்கு இரண்டு தட்டுகளும் ஒரு மாலைக்குத் தாராளமானவை: முதல் கடையில் ஆலிவ்காயும் நெத்திலியும், இரண்டாவதில் பொரித்தவை, மூன்றாவதில் கீரையும் கொண்டைக்கடலையும் என்று பிரித்துக்கொண்டால் வரிசையும் கெடாது, செலவும் மிகாது. ஒரு கடையில் நிற்கும்போது இன்னொரு தட்டு கேட்கலாமா வேண்டாமா என்ற ஐயம் எழுமானால், வேண்டாம் என்று முடிவுசெய்து, பில்லைக் கொடுத்துவிட்டு, 'ஆஸ்தா லுவேகோ' என்று விடைபெற்று அடுத்த கடையை நோக்கி நடப்பதே நன்று.